சிலந்திக் கடிக்கு நான் தூது போனது

சட்டை போடுமுன் அதை மூன்று முறை உதறுவேன். பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, இரண்டு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பேன். பார்த்து முடிந்ததும் நாலாவது முறை உதறுவேன். நான் இருப்பது தம்பியின் வீட்டில். தம்பியின் மருமகளுக்கு இது பெரிய பகிடி. "மாமா சட்டையோடை சண்டை பிடிச்சு முடிச்சிட்டார், இனிச் சாப்பாட்டைப் போடலாம்" என்று குசினிக்குள் நின்று சொல்லுவாள். சிரிக்கட்டும். நான் உதறத் தொடங்கி நாற்பத்தொரு வருடமாகிறது. காரணத்தை அவளுக்குச் சொன்னதில்லை. யாருக்குமே முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தென்மராட்சியில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். கலியாணம் செய்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. நாங்கள் இருந்த வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. அதன் மேற்குப் பக்கத்து அறைக்கு ஜன்னல் இல்லை. வேலி அடைப்பதற்கென்று வாங்கிய பனையோலையைக் கட்டுக் கட்டாக அங்கே அடுக்கி வைத்திருந்தோம். மழைத்தூறல் படாத, வெளிச்சமும் படாத இடம். அந்த ஓலைக் கட்டுகளுக்கும் சுவருக்கும் நடுவில்தான் மனைவியின் பெட்டகம் இருந்தது. கூறைச் சேலையும், கலியாணத்துக்குத் தைத்த சேலைச் சட்டையும் அதற்குள். யாராவது உறவினர் வீட்டுக் கலியாணம் வந்தால் மட்டும் அது திறக்கப்படும். கடைசியாகத் திறந்து பதினாலு மாதம்.

கரவெட்டியில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கைக்குக் கலியாணம். விடிந்ததும் வண்டி வாசலில் வந்து நின்றது. நான் விறாந்தையில் நின்று கொண்டுபோக வேண்டிய சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் "ஆ" என்றாள். போய்ப் பார்த்தேன். சட்டையின் வலது கைக்குள் கையை நுழைத்தபடி நின்றாள்.

"என்ன?"

"ஊசி குத்தினது போலை. தையற்காரன் குண்டூசியை எடுக்காமல் விட்டிட்டானாக்கும்."

கையை வெளியே எடுத்துச் சட்டையை உதறினாள். தூசி நிறத்தில் ஒன்று நிலத்தில் விழுந்தது. உடம்பு ஒரு பயற்றங்கொட்டை அளவு இருக்கும். கால்களையும் சேர்த்தால் ஒரு சதக் காசுக் குற்றி அளவு. விழுந்த வேகத்திலேயே பெட்டகத்துக்குக் கீழே ஓடி மறைந்தது.

"சிலந்தி," என்றேன்.

"எத்தினை கால் எண்டு எண்ணிப் போட்டியளோ?"

"எல்லாச் சிலந்திக்கும் எட்டுத்தான்."

"அப்ப உங்களுக்கு ஒரு வேலை மிச்சம். வாங்கோ, மாடு எவ்வளவு நேரம் நிக்கும்?"

மேற்கையின் உட்பக்கத்தில், கமக்கட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சிறு சிவப்புப் புள்ளி தெரிந்தது. நோவு கூட இல்லை என்றாள். அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கரவெட்டிக்குப் போனாள். பந்தலில் எல்லோருடனும் கதைத்துச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். திரும்பி வரும்போது மட்டும் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

அடுத்த நாள் அந்த இடத்தில் ஒரு கொப்புளம் வந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தபோது, மனைவியின் அக்கா அவளுடைய கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் எங்கள் வளவிலேயே அடுத்த வீட்டில் இருந்தவர். கொப்புளத்தின் நடு நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றி இரத்தம் வற்றியது போல் ஒரு வெள்ளை வளையம். அதற்கு வெளியே சிவப்பு. நான் பள்ளிக்கூடத்து அடிமட்டத்தை எடுத்து வந்து அளந்தேன். கறுப்பு அரை அங்குலம். வெள்ளையோடு ஒன்றேகால். சிவப்போடு மூன்று.

"தம்பி, உந்த அடிமட்டத்தை வைச்சிட்டுக் கெதியாப் பரியாரியாரிட்டை ஓடுங்கோ," என்றார் மச்சாள்.

எங்கள் பக்கத்தில் விஷக்கடி என்றால் நோயாளியை நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் கொண்டுபோவதில்லை. வீட்டிலிருந்து ஒருவன் தூது போவான். பரியாரியார் முதலில் பார்ப்பது கடியை அல்ல, தூதனை. ஈரத் தலையோடும் ஈரத் துணியோடும் வந்தால் கூடாது. கையில் கயிறோ தடியோ இருந்தால் கூடாது. அழுதால், மூச்சிரைத்தால், பேச்சுத் தடுமாறினால், மார்பைத் தொட்டால், ஒற்றைக் காலில் நின்றால், தெற்குப் பக்கத்தில் நின்றால் கூடாது. வெளுத்த வேட்டியோடு, கையில் வெற்றிலையோடு நிதானமாக வந்து, பரியாரியாரின் மூச்சு எந்த மூக்கில் ஓடுகிறதோ அந்தப் பக்கத்தில் நின்று தெளிவாகச் சொன்னால், அது நல்ல தூது. நோயாளி பிழைப்பான்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பரியாரியாரின் விஷ ஏட்டைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். அவருக்கு எழுபது வயது இருக்கும். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, ஆள் நிழலாகத்தான் தெரியும். ஏடு செல்லரிக்கத் தொடங்கியதால், கையெழுத்து நல்லது என்று என்னைக் கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கூட விடுமுறையில் பத்தொன்பது நாள் உட்கார்ந்து எழுதினேன். கூடாத குறி முப்பத்தொன்று, நல்ல குறி பதினாலு. கிழமையைப் பார்த்துக் காலையில் எந்த மூக்கில் மூச்சு ஓடும் என்று சொல்லும் கணக்கும் அதற்குள் இருந்தது.

தூது கூடாவிட்டால் அவர் மருந்து கொடுக்க மாட்டார். "இது என்ரை கையிலை இல்லை. வண்டியைக் கட்டி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று விடுவார். சாவகச்சேரி ஆசுப்பத்திரி நாலு மைல். ஆனால் ஊரில் அந்த வார்த்தையை யாரும் வழி சொன்னதாக எடுப்பதில்லை. ஆளைக் கைவிட்டதாகத்தான் எடுப்பார்கள். அவர் அப்படிச் சொல்லி வண்டி ஏறிய மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேரில் ஒருவர்தான் திரும்பி வந்தார். அந்த வார்த்தையைக் கேட்க நான் பயந்தேன்.

என் தலை ஈரம். இடுப்பில் ஈர வேட்டி. கண் கலங்கியிருந்தது. கையில் அடிமட்டம். என்னை அறியாமலே ஒவ்வொன்றாக எண்ணினேன். கூடாத குறி அப்போதே நாலு.

உள்ளே போய்த் தலையைத் துவட்டினேன். அதற்குமேல் இன்னொரு துவாயால் துவட்டினேன். வெளுத்து வந்த வேட்டியை எடுத்துக் கட்டினேன். மச்சாளிடம் வெற்றிலை கேட்டேன்.

"என்ன தம்பி, கலியாணத்துக்கு ஆள் சொல்லவோ போறியள்?"

"வெறுங்கையோடை போகக் கூடாது," என்றேன்.

ஓடவில்லை. ஒரு மைலையும் நடந்தேன். பரியாரியார் வீட்டு வாசற் படலைக்கு வெளியே ஒரு வேம்பு நின்றது. அதன் கீழே நின்று, மூச்சு அடங்கும்வரை நூறு மட்டும் எண்ணினேன். சால்வைத் தலைப்பால் கண்ணை இரண்டு முறை துடைத்தேன். அன்று ஞாயிறு. கணக்கின்படி வலது மூக்கு. படலையிலிருந்து அவருடைய கதிரைக்கு முப்பத்துநாலு அடி. போய் அவருக்கு வலது பக்கத்தில், கிழக்குப் பார்த்து, இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றேன்.

"ஆர்?"

"நான்தான் ஐயா. வீட்டிலை கடி. தூது வந்திருக்கிறன்."

"ஓ, எங்கடை பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரோ. ஆருக்கு?"

"மனைவிக்கு."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். ஒரு விரலைத் தன் மூக்கின் கீழே வைத்து மூச்சுப் பார்த்தார். கையை நீட்டி என் வேட்டித் தலைப்பைத் தடவிப் பார்த்தார். "கையிலை என்ன, வெத்திலையோ?" என்றார். ஓம் என்றேன். அவருடைய தோள் தளர்ந்ததைக் கண்டேன்.

"நல்ல தூது. இனிச் சொல்லும்."

சொன்னேன். பரீட்சைக்கு வந்த பிள்ளை பாடம் ஒப்புவிப்பது போல, தடுமாறாமல், மூன்று வளையத்தையும் அங்குலத்தோடு சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"சொல்லுறதைப் பார்த்தால் கெட்ட சிலந்தி போலை கிடக்கு. நடுவிலை கறுப்பு விழுந்தது எனக்குப் பிடிக்கேல்லை." மறுபடியும் என் வேட்டித் தலைப்பைத் தொட்டார். "ஆனால் தூது நல்லாக் கிடக்குது. நீர் வந்து நிக்கிற மாதிரியிலை அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமில்லை. பயப்பிடாதையும்."

பூச ஒரு பச்சிலை அரைப்பும், கரைத்துக் குடிக்க ஒன்பது குளிசையும் தந்தார். உப்பு, புளி, மீன் கூடாது. மூன்று நாளைக்கு மருந்து, நாலாம் நாள் வந்து சொல்ல வேண்டும். விஷக்கடிக்கு அவர் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. நான் கொண்டுபோன வெற்றிலையைக் கூடத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்து "பயமில்லை எண்டிட்டார்" என்று படலையில் நின்றே சத்தமாகச் சொன்னேன். மனைவி பாயில் சாய்ந்திருந்தாள்.

"உங்கடை முகத்தைக் கண்டிருந்தால், இந்த ஆளுக்குத்தான் வருத்தம் எண்டு உங்களுக்கெல்லோ குளிசை தந்திருப்பார்," என்றாள்.

நான் சிரித்தேன். மச்சாளும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அன்று பொழுதுபடச் சிறுநீர் கோப்பித் தண்ணீர் போலப் போனதாக மச்சாள் வந்து சொன்னார். அடுத்த நாள் காய்ச்சல். கண் மஞ்சள். கறுப்பு ஒன்றேகால் அங்குலமாகியிருந்தது.

"தம்பி, வண்டியைக் கட்டுவம்," என்றார் மச்சாள்.

"பரியாரியார் பயமில்லை எண்டவர். நாலாம் நாள்தான் வரச் சொன்னவர். இண்டைக்கு இரண்டாம் நாள்."

"நோய்க்கு உங்கடை நாள்கணக்குத் தெரியுமே? அந்தாளிட்டைத் திரும்ப ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோவன்."

போகவில்லை. ஏன் போகவில்லை என்று இவ்வளவு காலமும் யோசித்திருக்கிறேன். நல்ல தூது என்று அவர் சொன்னதை நான் நம்பிவிட்டேன். அந்தத் தூதைக் கட்டி முடித்தவன் நானே. தலையைத் துவட்டியவன் நான், கண்ணைத் துடைத்தவன் நான். விடையைப் பார்த்து எழுதிவிட்டு, கிடைத்த புள்ளியைக் கண்டு மகிழ்ந்துபோகிற மாணவர்களைப் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்திருக்கிறேன். இன்னொரு முறை போனால் அதே போல நிற்க முடியாது என்ற பயமும் இருந்தது. அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தையை நானே போய்க் கெடுத்துவிடுவேனோ என்று நினைத்தேன். மூன்று வேளையும் குளிசையைக் கரைத்துக் கொடுத்தேன். அரைப்பைப் பூசினேன். ஒரு வேளையும் தவறவில்லை.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் அவளுக்கு ஆள் தெரியவில்லை. மச்சாள் என்னைக் கேட்கவில்லை. தானே போய் வண்டிக்காரனைக் கூட்டிவந்தார். வழி முழுவதும் மைல்கற்களைப் பார்த்துக்கொண்டு போனேன். நாலு கல்.

ஆசுப்பத்திரியில் இருந்த டாக்டர் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் ஏன் வீட்டிலை வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார். அவர் அதட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அடுத்த நாள் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவள் போய்விட்டாள். வயது இருபத்துமூன்று.

பிற்காலத்தில் இரண்டு டாக்டர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். முன்னரே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார் ஒருவர். அந்தக் காலத்தில் எங்கே கொண்டுபோயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மற்றவர். ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது ஆளைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

செத்த வீட்டுக்குப் பரியாரியார் வந்தாராம். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். படலையடியில் நின்று, உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள், பெட்டகத்தை முற்றத்து வெய்யிலுக்கு இழுத்துவந்து கவிழ்த்தேன். அடிப்பலகையில், மூலையோடு மூலையாக, பழைய பஞ்சை இழுத்து ஒட்டியது போலச் சில நூல்கள் இருந்தன. வட்டமான வலை இல்லை. ஒழுங்கே இல்லாத, தூசி பிடித்த நூல். அதற்குள் அது இருந்தது. என்னைக் கண்டதும் எதிர்த்து வரவில்லை. வெளிச்சம் படாத பக்கத்துக்கு ஓடப் பார்த்தது. அதை ஒரு சின்னப் போத்தலுக்குள் விழுத்தி மூடினேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. அதைக் கொண்டுவந்து போத்தலை வெய்யிலில் பிடித்துப் பார்த்தேன். கால் எட்டு. முதுகின் முன்பக்கத்தில் கறுப்பாக ஒரு அடையாளம். கழுத்துப் பின்புறமாகக் கிடக்கும் ஒரு பிடில் போல இருந்தது. பிறகு கண்ணை எண்ணினேன். வீட்டுச் சுவரில் திரியும் சிலந்திகளை முன்பு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன், அவற்றுக்கு எட்டுக் கண். இதற்கு ஆறு. இரண்டிரண்டாக மூன்று சோடி, முன்னே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. நாலு தரம் எண்ணினேன். ஆறுதான்.

அதற்குப் பிறகு அந்தச் சாதியைத் தேடுவதே எனக்கு வேலையாயிற்று. இந்தச் சாதி நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்காது. சுவரில், வேலியில், மரத்தில் காண முடியாது. மனிதர் கைபடாத, ஈரம் இல்லாத, இருட்டான இடம் வேண்டும். ஓலைக் கட்டுகளின் இடுக்கில் ஒன்பது பிடித்தேன். சுண்ணாம்புக் கல் மதிலின் வெடிப்புகளில் நாலு. சுருட்டி வைத்துப் பல மாதம் விரிக்காத பாய்க்குள் ஒன்று. பெட்டகத்தில் இருந்ததோடு பதினைந்து. எதுவும் மனிதனைத் தேடி வந்து கடிக்கிறதில்லை. சட்டைக்கும் தோலுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கும்போதுதான் கடிக்கிறது. அதனுடைய வீட்டுக்குள் அவள் கையை நுழைத்தாள். பதினாலு மாதமாக அது அதனுடைய வீடு.

முதல் சிலந்தியைப் பிடித்த பத்தாம் நாள் போத்தலை எடுத்துக்கொண்டு பரியாரியாரிடம் போனேன். அதே கதிரையில் இருந்தார். மூன்று வாரத்தில் பத்து வயது கூடியவர் போல இருந்தார்.

"ஐயா, கடிச்ச சாதி இதுதான். ஆறு கண்."

"எனக்கு அது தெரியுமே? என்ரை கண் ரண்டும் போட்டுது." போத்தலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அறுபது வரியமாத் தூது பார்க்கிறன். உப்பிடி ஒருக்காலும் பிழைச்சதில்லை. எங்கை பிழைச்சது எண்டு யோசிச்சு யோசிச்சு நித்திரை இல்லை. இனி ஆருக்கும் பார்க்கிறேல்லை எண்டு சொல்லிப் போட்டன்."

அதைக் கேட்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஈரத் தலையைச் சொன்னேன். வேட்டியைச் சொன்னேன். வேம்பின் கீழே நூறு எண்ணியதையும், கண் துடைத்ததையும், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையும் சொன்னேன்.

நான் முடித்த பிறகு அவர் மெல்லச் சொன்னார். "தூதன் எண்டால் ஆர், தம்பி? வீட்டிலை கிடக்கிற நோயைத் தன்ரை உடம்பிலை சுமந்து வாறவன். நோய் பொல்லாததெண்டால் அவன் துவட்டிக்கொண்டு நிப்பானோ? நனைஞ்சபடி ஓடி வருவான். நாக்குக் குளறும். நான் குருடன். அவளை நான் காணேல்லை. உம்மிலைதான் அவளைப் பார்த்தன்."

அவர் மடியில் இருந்த போத்தலை எடுத்து நிலத்தில் வைத்தார்.

"படலைக்குப் போம்."

"ஐயா?"

"படலைக்கு வெளியிலை போய், அண்டைக்கு வரவேண்டின மாதிரி வாரும். நான் ஒருக்காக் கேக்க வேணும்."

போனேன். வேம்பின் கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தைப் படலைப் பக்கம் நீட்டி, செவியைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். பிறகு அவளுடைய கையில் இருந்த மூன்று வளையம் கண்ணுக்கு முன் வந்தது. ஓடினேன். படலையில் தோள் இடித்தது. சால்வை எங்கோ விழுந்தது. எந்தப் பக்கம் நின்றேன், எந்தக் காலில் நின்றேன் என்று தெரியாது. அவருக்கு முன்னால் விழுந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, மனைவிக்கு" என்றதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை.

அவர் என் தலையில் கை வைத்தார். மூச்சுப் பார்க்க விரலைத் தன் மூக்கடிக்குக் கொண்டுபோகவில்லை.

"ஓம்," என்றார். "உப்பிடி வந்திருந்தால், அந்த நிமிசமே வண்டியைக் கட்டச் சொல்லியிருப்பன்."